ஜார்ஜ் எஸ். காஃப்மனும் கூட்டு எழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஃப்மன் யார்?

1920களிலிருந்து 1950கள் வரை நியூயார்க் பிராட்வே மேடையில் நகைச்சுவை நாடகம் எழுதியவர், இயக்கியவர். 1889 நவம்பர் 16 அன்று பென்சில்வேனியா மாநிலம் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். 1961 ஜூன் 2 அன்று நியூயார்க்கில் காலமானார். பெயரின் நடுவில் வரும் ‘எஸ்’ அவராகவே சேர்த்துக்கொண்டது.

அடிப்படையில் பத்திரிகைக்காரர். செய்தித்தாள்களின் நகைச்சுவைப் பத்திகளுக்குத் துணுக்கு அனுப்பி எழுத்துக்கு வந்தார். 1917 முதல் 1930 வரை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நாடகப் பகுதிக்கு ஆசிரியர். நாடகங்கள் வரிசையாக ஓடிப் பணம் கொட்டிய ஆண்டுகளிலும் அந்த வேலையை அவர் விடவில்லை. புலிட்சர் பரிசு இரண்டு முறை (1932, 1937) கூட்டாளிகளோடு சேர்ந்து கிடைத்தது. ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ இசை நாடகத்தை இயக்கியதற்காக 1951இல் பிராட்வே மேடைக்கான டோனி விருது பெற்றார்.

தனியாக ஒரு நாடகமும் எழுதவில்லையா?

எழுதினார். 1925இல் வந்த ‘தி பட்டர் அண்ட் எக் மேன்’ முழுக்க அவருடையது. ஒஹையோ மாநிலத்துச் சிற்றூரிலிருந்து கையில் பணத்தோடு நியூயார்க் வரும் இளைஞன் ஒருவனை இரண்டு நாடகத் தயாரிப்பாளர்கள் வளைத்துப் போட்டு முதலீடு செய்ய வைக்கும் கதை. நன்றாக ஓடியது. ஆகவே ‘தனியாக எழுத வராது, அதனால்தான் துணை தேடினார்’ என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு நாடகமே பதில். முடிந்தும் அவர் அந்த வழியில் தொடரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பிறகு ஏன் எப்போதும் ஒரு கூட்டாளி?

அவருடைய பலமும் பலவீனமும் எங்கே இருந்தன என்று பார்த்தால் புரியும். கட்டுமானம், வேகம், வெட்டு, சிரிப்பு வரி ஆகியவற்றில் அவரை மிஞ்ச அன்றைய பிராட்வேயில் ஆள் இல்லை. காதல் காட்சி என்றால் கூச்சம். அந்தப் பக்கங்களைக் கூட்டாளியிடமே விட்டுவிடுவார் என்பது அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொன்ன விஷயம். உணர்ச்சி பொங்கும் இடம் வந்தால் உடனே ஒரு கேலி வரியைப் போட்டு அதை உடைத்துவிடுவார். நாடகத்துக்குக் கேலி மட்டும் போதாது. பார்வையாளர் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டுமானால் மேடையில் இருப்பவர்கள்மீது கொஞ்சம் பிரியம் வர வேண்டும். அந்தப் பிரியத்தைக் கொண்டுவரும் ஆளை அவர் ஒவ்வொரு முறையும் தேடிப் பிடித்தார்.

எங்கள் கணிப்பில் அவர் எழுத்தாளர்களிலேயே மிகத் தெளிவாகத் தன்னை அறிந்தவர். தனக்கு எது வராது என்று தெரிந்து, அது வருபவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாற்பது ஆண்டு வேலை செய்தார்.

கூட்டாக எழுதுவது என்றால் நடைமுறையில் என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஓர் அங்கமா?

இல்லை. காஃப்மனின் வழக்கத்தில் பாகப்பிரிவினை கிடையாது. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சேர்ந்தே எழுதுவார்கள்.

முதலில் பேச்சு. பாத்திரங்கள் யார், கதை எங்கே திரும்புகிறது, ஒவ்வோர் அங்கமும் எந்த இடத்தில் திரை விழுந்து முடிகிறது என்பதை நாள்கணக்கில் பேசித் தீர்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் ஒரு வரி வசனம்கூட எழுதுவதில்லை. அடுத்தது வரைவு: காட்சிவாரியாக யார் எப்போது உள்ளே வருகிறார், எந்தத் தகவலைக் கொண்டுவருகிறார், எப்போது வெளியே போகிறார் என்ற பட்டியல். அது உறுதியான பிறகே தட்டச்சு இயந்திரம். இளம் நாடகாசிரியர் மோஸ் ஹார்ட்டோடு வேலை பார்த்தபோது காலை 11 மணிக்குத் தொடங்குவது வழக்கம். ஒருவர் தட்டச்சில், இன்னொருவர் நடந்துகொண்டோ படுத்துக்கொண்டோ. வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார்கள். வாயில் தடுக்கினால் வரி போய்விடும். நன்றாக இருந்தும் கதையை நகர்த்தாவிட்டால் அதுவும் போய்விடும்.

பிறகு ஒத்திகை. பெரும்பாலும் காஃப்மனே இயக்குநர் என்பதால் எழுத்து மேசை ஒத்திகைக் கூடத்துக்கு நீண்டது, அவ்வளவுதான். அங்கிருந்து வெளியூர் வெள்ளோட்டம். அட்லாண்டிக் சிட்டி, பிலடெல்ஃபியா போன்ற ஊர்களில் காசு கொடுத்து வந்த கூட்டத்தின் முன் நாடகத்தைப் போட்டு, எங்கே சிரிப்பு நின்றது, எங்கே இருமல் ஆரம்பித்தது என்று பின்வரிசையில் நின்று குறித்துக்கொண்டு, இரவே விடுதி அறையில் திருத்தி, மறுநாள் நடிகர் கையில் புதிய பக்கங்களைக் கொடுப்பார்கள். நியூயார்க்குக்கு வரும் பிரதி வேறு, முதலில் எழுதிய பிரதி வேறு.

இந்த முறையில் அடிக்கடி கெட்டுப்போனது மூன்றாம் அங்கம். முதல் அங்கத்தில் ஒரு விந்தையான சூழலைக் காட்டினாலே சிரிப்பு வரும். இரண்டாவதில் அது குழம்பும். மூன்றாவதில் குழப்பம் தீர வேண்டும், தீர்க்கும்போதும் சிரிப்பு வர வேண்டும். அங்கேதான் சரக்கு தீரும்.

அப்படித் தடுமாறி மீண்ட நாடகத்துக்கு ஓர் உதாரணம்?

‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ (1930). கூட்டு எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான நாடகம் கிடையாது.

மோஸ் ஹார்ட்டுக்கு அப்போது 25 வயது. பேசும்படம் வந்து ஹாலிவுட் தலைகீழாகப் புரண்ட நேரம். வாட்வில் (ஆட்டம், பாட்டு, நகைச்சுவைத் துணுக்கு கலந்த பல்சுவை நிகழ்ச்சி) மேடைக் கலைஞர்கள் மூன்று பேர் கலிஃபோர்னியா போய், பேசத் தெரியாத நட்சத்திரங்களுக்குப் பேச்சுப் பயிற்சிப் பள்ளி திறப்பதாகத் தனியாக ஒரு நாடகம் எழுதினார். அதுவரை அவர் ஹாலிவுட்டை நேரில் பார்த்ததில்லை. தயாரிப்பாளர் சாம் எச். ஹாரிஸ், ‘காஃப்மனோடு சேர்ந்து திருத்தினால் போடுகிறேன்’ என்றார். காஃப்மன் முதலில் செய்தது வெட்டு. ஹார்ட்டின் கனமான பிரதியில் பக்கம் பக்கமாகப் பென்சில் கோடு விழுந்தது.

1930 மே மாதம் அட்லாண்டிக் சிட்டியில் வெள்ளோட்டம். முதல் அங்கத்துக்குக் கூரை அதிரச் சிரித்தார்கள். இரண்டாவதில் சிரிப்பு மெலிந்தது. மூன்றாவதில் செத்தது. அடுத்து பிரைட்டன் பீச்சிலும் அதே கதை. இனி தன்னால் புதிதாக எதுவும் தர முடியாது என்று காஃப்மன் விலகிக்கொண்டார். ஹார்ட் மாற்றங்களை யோசித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ப் பேசித் திரும்ப இழுத்து வந்தார். பிலடெல்ஃபியாவில் மறுபடி போட்டபோதும் மூன்றாம் அங்கம் எழவில்லை.

அந்தக் கட்டத்தில் சாம் ஹாரிஸ் ஒன்று சொன்னார்: இது சத்தமான நாடகம். ஒரு நொடிகூட ஓயாமல் ஆட்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள். பார்ப்பவன் களைத்துப்போகிறான். ஹார்ட்டுக்குக் கோளாறு அப்போதுதான் பிடிபட்டது. மூன்றாம் அங்கத்தில் பெரும் செலவில் போட்டிருந்த ஆடம்பர இரவு விடுதி அரங்கை அப்படியே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓடும் ரயில் பெட்டி ஒன்றில் அமைதியாகப் பேசும் காட்சியை வைத்தார்கள். அதற்கப்புறம் வந்த சிரிப்பு எல்லாம் தானாக எழுந்து நின்றது. கோளாறு இருந்தது சிரிப்பு வரிகளில் இல்லை. மூச்சுவிட இடம் இல்லாததில்தான் இருந்தது.

செப்டம்பர் 24 அன்று நியூயார்க் மியூசிக் பாக்ஸ் அரங்கில் திறந்தது. 400க்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது. ஸ்டூடியோ அழைத்துவந்து வேலையே கொடுக்காமல் உட்கார வைத்திருக்கும் நாடகாசிரியர் லாரன்ஸ் வெய்ல் பாத்திரத்தில் காஃப்மனே நடித்தார். முதல் இரவு திரை விழுந்ததும் முன்னால் வந்து, இந்த நாடகத்தில் 80 சதவீதம் மோஸ் ஹார்ட் என்று கூட்டத்திடம் சொன்னார். புகழ் பெற்ற மூத்தவர் ஒருவர் புதியவருக்கு இப்படி மேடையில் நின்று பங்கு பிரித்துக் கொடுப்பது எந்தத் துறையிலும் அரிது.

கூட்டாளிகள் யார் யார்? ஆளுக்கு ஆள் நாடகம் மாறுகிறதா?

நிறையவே மாறுகிறது. காஃப்மனை ஆண்டுவாரியாகப் படிப்பதைவிடக் கூட்டாளிவாரியாகப் படிப்பது நல்லது.

தொடக்கம் மார்க் கானலி. இருவருமே பத்திரிகைக்காரர்கள். 1921இல் ‘டல்ஸி’. தேய்ந்துபோன பொன்மொழிகளாகவே பேசி, உதவி செய்யப் போய்க் கணவனின் தொழிலையே கவிழ்க்கப் பார்க்கும் பெண்ணின் கதை. அதில் நடித்த லின் ஃபான்டேன் நட்சத்திரம் ஆனார். 1924இன் ‘பெகர் ஆன் ஹார்ஸ்பேக்’ இந்த ஜோடியின் உச்சம்: பணக்கார வீட்டில் பெண் எடுத்தால் என்ன ஆகும் என்று ஓர் இசையமைப்பாளன் காணும் கனவாகவே பெரும் பகுதி நடக்கிறது.

எட்னா ஃபெர்பர் நாவலாசிரியர். அவர் வந்ததும் மேடையில் ஆட்கள் பெருகினார்கள், குடும்பங்கள் வந்தன, பெண்களுக்கு முதுகெலும்புள்ள பாத்திரங்கள் கிடைத்தன. ‘தி ராயல் ஃபேமிலி’ (1927) மூன்று தலைமுறை நடிகர் குடும்பத்தைப் பற்றியது. புகழ்பெற்ற பாரிமோர் நடிகர் குடும்பத்தை நினைவூட்டியதால் எதல் பாரிமோர் கடுங்கோபம் கொண்டார். ஃபெர்பரின் நாவலிலிருந்து பிறந்த ‘ஷோ போட்’ இசை நாடகம் டிசம்பர் 27 அன்றும் இது மறுநாளும் திறந்தன. இரண்டுமே வெற்றி.

‘டின்னர் அட் எய்ட்’ (1932) இன்னும் துணிச்சலானது. ஒரு விருந்துக்கான அழைப்பில் தொடங்கி, விருந்தினர் ஒவ்வொருவர் வாழ்க்கையும் உள்ளுக்குள் இடிந்துகொண்டிருப்பதைக் காட்டி, எல்லாரும் சாப்பிட எழும் நேரத்தில் திரை விழுகிறது. விருந்து மேடைக்கு வருவதே இல்லை. கணவனின் கப்பல் நிறுவனம் மூழ்குகிறது, அவருக்கு இதய நோய், மகள் தன் துயரத்தைச் சொல்ல அம்மாவைத் தேடி வருகிறாள். அந்த நேரத்தில் வீட்டுக்காரி மில்லிசென்ட் விருந்துக்குச் செய்த லாப்ஸ்டர் பண்டம் பாழாய்ப்போனதைச் சொல்லிக் கத்தித் தீர்க்கிறாள். அந்த நீண்ட வசனத்துக்கு அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு காஃப்மனுடையது, அடியில் இருக்கும் துக்கம் ஃபெர்பருடையது என்று படுகிறது. கறாராகப் பிரிக்க முடியாதபடி தைத்திருப்பதுதான் அவர்கள் திறமை.

மோரி ரிஸ்கிண்டோடு அரசியல் கேலி, மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவை நடிகர் குழுவுக்கான எழுத்து. ரிங் லார்ட்னரோடு பாட்டுத் தொழிலைப் பற்றிய ‘ஜூன் மூன்’ (1929). கேதரின் டேட்டனோடு வாஷிங்டன் அரசியல் மனைவிமார்களைப் பற்றிய ‘ஃபர்ஸ்ட் லேடி’ (1935). கடைசிக் காலத்தில் ஹோவர்ட் டைக்மனோடு ‘தி சாலிட் கோல்ட் காடிலாக்’ (1953). அதில் வெறும் பத்துப் பங்கு வைத்திருக்கும் மூதாட்டி ஒரு பெருநிறுவனத்தின் நிர்வாகிகளை ஆட்டிப் படைக்கிறார். எல்லாக் கூட்டணியும் தேறவில்லை. ஹெர்மன் மேன்கவிட்ஸோடு எழுதிய ‘தி குட் ஃபெலோ’ (1926) ஒரு வாரத்தில் மூடிக்கொண்டது.

மோஸ் ஹார்ட் கூட்டணி மட்டும் ஏன் தனித்துப் பேசப்படுகிறது?

ஹார்ட்டுக்கு மனிதர்கள்மேல் வாஞ்சை இருந்தது, மேடைக் கவர்ச்சியில் மோகம் இருந்தது. காஃப்மனிடம் இல்லாத இரண்டும் அவை. 1930 முதல் 1940 வரை பத்தே ஆண்டுகள். அதற்குள் ‘மெரிலி வீ ரோல் அலாங்’ (1934), ‘யூ கான்ட் டேக் இட் வித் யூ’ (1936), ‘தி மேன் ஹூ கேம் டு டின்னர்’ (1939), ‘ஜார்ஜ் வாஷிங்டன் ஸ்லெப்ட் ஹியர்’ (1940) எல்லாம் வந்துவிட்டன.

‘மெரிலி’ பின்னோக்கி நடக்கும் நாடகம். 1934இல் வசதியான, கசந்துபோன நாடகாசிரியனாகத் தொடங்கி, ஆண்டுகள் பின்னால் போய், லட்சியம் நிறைந்த மாணவனாக 1916இல் முடிகிறது. பாத்திரங்கள் அதிகம், செலவு அதிகம், ஓட்டம் குறைவு. ஸ்டீஃபன் சாண்ட்ஹைம் 1981இல் இதை இசை நாடகமாக்கியபோதும் 16 காட்சிகளில் நின்றது. அதே இசை நாடகத்தின் பிராட்வே மறுதயாரிப்பு 2024இல் டோனி விருது பெற்றது.

ஏன் பிரிந்தார்கள்? சண்டையா?

சண்டை இல்லை. ஹார்ட் தன் காலில் நின்று பார்க்க விரும்பினார். 1941இல் ‘லேடி இன் த டார்க்’ இசை நாடகத்துக்குத் தனியாக எழுதினார். நட்பு கடைசிவரை நீடித்தது. காஃப்மன் இறந்த அதே 1961இல், டிசம்பர் மாதம், ஹார்ட்டும் போய்ச் சேர்ந்தார்.

‘யூ கான்ட் டேக் இட் வித் யூ’ வெறும் கிறுக்குக் குடும்பக் கதைதானே? புலிட்சர் கொடுக்க என்ன இருக்கிறது?

கிறுக்குத்தனம் மேலே தெரிவது. அடியில் இருப்பது கடிகாரம்போல் அமைந்த கட்டுமானம்.

கதை முழுவதும் ஒரே வீட்டுக் கூடத்தில். தாத்தா மார்ட்டின் வேண்டர்ஹாஃப் பல ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர். வீட்டுக்குத் தட்டச்சு இயந்திரம் ஒன்று தவறுதலாக வந்து சேர்ந்ததால் மகள் பென்னி எட்டு ஆண்டாக நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் கணவன் நிலவறையில் வாணவெடி செய்கிறான். பேத்தி எஸ்ஸி நடனம் ஆடுகிறாள், மிட்டாய் செய்து விற்கிறாள். அவள் கணவன் எட் சைலஃபோன் வாசிப்பான், கைஅச்சில் கண்டதையும் அச்சடிப்பான். குடும்பத்தில் ஒழுங்காக வேலைக்குப் போகும் ஆலிஸ், முதலாளி மகன் டோனி கிர்பியைக் காதலிக்கிறாள். இவ்வளவுதான் கதை.

எட் அச்சடிக்கும் தாள்களைக் கவனியுங்கள். அர்த்தம் பார்க்காமல், கண்ணில் பட்ட புரட்சி வாசகங்களை அச்சடித்து எஸ்ஸியின் மிட்டாய்ப் பெட்டிக்குள் போடுகிறான். தன்னை யாரோ பின்தொடர்வதாக இரண்டாம் அங்கத்தில் சொல்கிறான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்வையாளரும்தான். அதே அங்கத்தில் டோனியின் பெற்றோர் ஒருநாள் முன்னதாகத் தவறி வந்து நிற்கிறார்கள். பொழுதுபோக்க ஒரு சொல்விளையாட்டு: ஒரு சொல்லைக் கேட்டதும் மனதில் தோன்றுவதை எழுத வேண்டும். தேனிலவு என்ற சொல்லுக்குத் திருமதி கிர்பி எழுதியது சலிப்பு. செக்ஸ் என்ற சொல்லுக்கு வால் ஸ்ட்ரீட், அதாவது நியூயார்க் பங்குச் சந்தைத் தெரு. ஒரு பணக்காரத் திருமணத்தின் மொத்தக் கதையும் இரண்டு தாள் துண்டில். அந்தச் சங்கடம் ஆறுவதற்குள் அரசு உளவாட்கள் மூவர் எட்டைத் தேடி நுழைகிறார்கள், நிலவறை வெடிகள் வெடிக்கின்றன.

வருமான வரி விஷயமும் இப்படித்தான். வரி கட்டாத தாத்தாவைத் தேடி அதிகாரி வருகிறார். ‘என் பணத்துக்கு எனக்கு என்ன கிடைக்கும்?’ என்கிறார் தாத்தா. போர்க்கப்பல் என்கிறார் அதிகாரி. கடைசியாகப் போர்க்கப்பல்களைப் பயன்படுத்தியபோது கியூபா கிடைத்தது, அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்கிறார் தாத்தா. அந்த வீட்டில் தங்கியிருந்து இறந்துபோன பால்காரரின் பெயர் யாருக்கும் தெரியாததால் தாத்தாவின் பெயரிலேயே புதைத்திருந்தார்கள். அந்தத் தகவல் மூன்றாம் அங்கத்தில் வரித் தொல்லையைத் தீர்த்துவைக்கிறது. பொருளாதார மந்தத்தில் அடிபட்டுக் கிடந்த மக்களுக்கு இந்த வீடு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! 800க்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது.

‘தி மேன் ஹூ கேம் டு டின்னர்’ உண்மையான மனிதரைப் பற்றியதா?

ஆம். விமர்சகரும் வானொலிப் பேச்சாளருமான அலெக்ஸாண்டர் வுல்காட்தான் மூலம். நாடகத்தில் அவர் சாயலில் வரும் ஷெரிடன் வொய்ட்சைட், ஒஹையோவில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போய், வாசலில் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு, வாரக்கணக்கில் சக்கர நாற்காலியில் அங்கேயே தங்கி அந்த வீட்டையே ஆட்டிவைக்கிறார். வுல்காட் கோபித்துக்கொள்ளவில்லை. மேற்குக் கடற்கரைத் தயாரிப்பில் தன்னையே மையமாகக் கொண்ட அந்தப் பாத்திரத்தில் அவரே நடித்தார். நாடகத்தில் வரும் பான்ஜோ ஹார்ப்போ மார்க்ஸின் சாயல், பெவர்லி கார்ல்டன் ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்டின் சாயல். பிராட்வேயில் 739 காட்சிகள்.

மார்க்ஸ் சகோதரர்களோடு அவருக்கு ஒத்துப்போனதா?

சிரமப்பட்டார். வசனத்தை எண்ணி எண்ணி வைப்பவர் காஃப்மன். அவர்களோ தினம் ஒரு வசனம் பேசுபவர்கள். ‘தி கோகனட்ஸ்’ (1925, இசை இர்விங் பெர்லின்) ஓடிக்கொண்டிருந்தபோது அரங்கின் பின்னால் நின்று, ‘நான் எழுதிய வரி ஒன்று இப்போது காதில் விழுந்த மாதிரி இருந்தது’ என்று அவர் சொன்னதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனாலும் அடுத்து ‘அனிமல் கிராக்கர்ஸ்’ (1928), பிறகு ‘எ நைட் அட் தி ஆப்பரா’ (1935) திரைப்படம் இரண்டையும் ரிஸ்கிண்டோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சகோதரர்களில் ஒருவரான கிரவுச்சோவின் மேடைப் பேச்சுக்கு ஒரு வடிவம் வந்ததில் காஃப்மனுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘ஆஃப் தீ ஐ சிங்’ புலிட்சர் பெற்றபோது ஜார்ஜ் கெர்ஷ்வின் பெயர் ஏன் இல்லை?

1931 டிசம்பர் 26 அன்று திறந்த இந்த இசை நாடகம்தான் நாடகத்துக்கான புலிட்சர் பரிசை வென்ற முதல் இசை நாடகம். பரிசு எழுத்துக்கானது என்பதால் காஃப்மன், ரிஸ்கிண்ட், பாடலாசிரியர் ஐரா கெர்ஷ்வின் மூவருக்கு மட்டும் போனது. இசையமைத்த ஜார்ஜை விட்டுவிட்டார்கள். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1998இல், புலிட்சர் குழு சிறப்பு விருது அளித்தது. அந்த இசை இல்லாமல் அந்த நாடகம் இல்லை. ஆகவே 1932இன் முடிவு அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

கதை: ‘காதல்’ என்ற ஒரே வாக்குறுதியில் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார் வின்டர்கிரீன். அழகிப் போட்டியில் வென்றவளை மணப்பதாக அறிவித்துவிட்டு, சோள மஃபின் நன்றாகச் செய்யத் தெரிந்த மேரியை மணக்கிறார். துணை ஜனாதிபதி த்ராட்டில்பாட்டம் பெயர் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. சுற்றுலாப் பயணிகள் கூட்டத்தோடு சேர்ந்துதான் அவரால் வெள்ளை மாளிகைக்குள் நுழைய முடிகிறது.

‘நையாண்டி சனிக்கிழமை இரவு மூடிவிடும்’ என்று ஏன் சொன்னார்?

நையாண்டி நாடகம் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று பொருள். சொந்த அனுபவம். 1927இல் கெர்ஷ்வின் சகோதரர்களோடு ‘ஸ்ட்ரைக் அப் த பேண்ட்’ எழுதினார். சீஸ் இறக்குமதி வரிக்காக அமெரிக்கா சுவிட்சர்லாந்தோடு போருக்குப் போகும் கதை. பிலடெல்ஃபியா வெள்ளோட்டத்தோடு நின்றது. 1930இல் ரிஸ்கிண்ட் அதை மென்மையாக்கி, சீஸைச் சாக்லேட்டாக்கி, போரைக் கனவாக்கிய பிறகு ஓடியது. ‘ஆஃப் தீ ஐ சிங்’கின் தொடர்ச்சியாக 1933இல் வந்த ‘லெட் ’எம் ஈட் கேக்’ நூறு காட்சியைக்கூட எட்டவில்லை. கேலி எவ்வளவு கூர்மையானாலும் மேடையில் பிடித்த ஆள் ஒருவர் இல்லையென்றால் கூட்டம் வராது.

இயக்குநராக எப்படி?

சத்தம் போடமாட்டார். நடிகரை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் ஒரு திருத்தம் சொல்வார். பல நேரம் மேடையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பார், தாளம் தட்டுகிறதா என்று. மற்றவர்கள் எழுதியவற்றில் ‘தி ஃப்ரன்ட் பேஜ்’ (1928), ஸ்டீன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937), ‘மை சிஸ்டர் ஐலீன்’ (1940), ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ (1950) எல்லாம் அவர் இயக்கியவை. திரைப்படம் ஒன்றே ஒன்று இயக்கினார்: ‘தி செனட்டர் வாஸ் இன்டிஸ்க்ரீட்’ (1947).

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? படம் பார்த்தால் போதுமா?

‘யூ கான்ட் டேக் இட் வித் யூ’, அடுத்து ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’, பிறகு ‘டின்னர் அட் எய்ட்’. இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் கூட்டாளி மாறும்போது என்ன மாறுகிறது என்று கண்கூடாகத் தெரியும். லைப்ரரி ஆஃப் அமெரிக்கா 2004இல் வெளியிட்ட தொகுப்பில் ஒன்பது நாடகங்கள் ஒரே புத்தகமாகக் கிடைக்கின்றன.

படங்களை நாடகத்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபிராங்க் காப்ரா ‘யூ கான்ட் டேக் இட் வித் யூ’ நாடகத்தை வைத்து எடுத்த 1938 படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்றது. ஆனால் அதில் கிர்பி, அக்கம்பக்கத்தையே விலைக்கு வாங்கப் பார்க்கும் பெருமுதலாளி ஆகிவிடுகிறார், நீதிமன்றக் காட்சி சேர்கிறது. நாடகத்தில் வில்லனே கிடையாது. ‘ஸ்டேஜ் டோர்’ (1937) படத்தில் நாடகத்தின் வசனம் மிகக் குறைவு. மேடைக்கு நெருக்கமாக இருப்பது 1942இல் வந்த ‘தி மேன் ஹூ கேம் டு டின்னர்’. பிராட்வேயில் நடித்த மான்டி வூலியே அதிலும் வொய்ட்சைட்.

கல்லூரியிலோ குழுவிலோ மேடையேற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் ஆள் கணக்கு. ‘யூ கான்ட்’ நாடகத்துக்கு 19 பாத்திரங்கள். உளவாட்களையும் வரி அதிகாரியையும் இரட்டை வேடமாக்கிக் கொஞ்சம் குறைக்கலாம். அரங்கம் ஒன்றுதான் என்பது பெரிய லாபம். ‘டின்னர் அட் எய்ட்’ அப்படி இல்லை. இடம் மாறிக்கொண்டே இருக்கும், காட்சி மாற்றத்துக்குத் தனி ஒத்திகை வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, நீளம் கருதிக் கண்மூடி வெட்டுவது. எட்டைப் பின்தொடரும் ஆள் பற்றிய வரி ‘சும்மா’ இருப்பதுபோல் தோன்றும். அதை வெட்டினால் உளவாட்கள் வானத்திலிருந்து குதித்ததுபோல் ஆகிவிடும். வெட்டும் முன் ஒவ்வொரு தகவலும் பின்னால் எங்கே பயன்படுகிறது என்று பிரதியின் ஓரத்தில் குறியுங்கள். எங்கும் பயன்படாததை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது தவறு, நடிகர்கள் சிரிப்புக்காக நடிப்பது. ‘யூ கான்ட்’ நாடகத்தில் வரும் சைக்கமோர் குடும்பத்தில் யாருக்கும் தாங்கள் விசித்திரமானவர்கள் என்று தெரியாது. பென்னி தன் நாடகத்தைக் கருமமே கண்ணாகத்தான் எழுதுகிறாள். கண் சிமிட்டி நடித்தால் வீடு இடிந்துவிடும். மூன்றாவது, சிரிப்பு அடங்கும் முன் அடுத்த வரியைச் சொல்வது. சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி வர வேண்டும். முழுக்க ஓயவும் விடக்கூடாது. இதைப் பழக, ஒத்திகையின் கடைசி வாரத்தில் பத்துப் பேரையாவது வெளியிலிருந்து அழைத்து உட்கார வையுங்கள். வெடிச் சத்தத்துக்கு ஒலிப்பதிவும் ஒளியும் போதும்.

தமிழில் மொழிபெயர்த்துப் போட அனுமதி வேண்டுமா?

எந்த நாட்டில் போடுகிறீர்கள், கூட்டாளி யார் என்பதைப் பொறுத்தது. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கூட்டாக எழுதியதென்றால் கடைசியாக இறந்தவரை வைத்துக் கணக்கு. காஃப்மன், ஹார்ட் இருவரும் 1961இல் மறைந்ததால் அவர்கள் இருவர் மட்டும் எழுதிய நாடகங்களின் காலம் இந்தியாவில் 2021 முடிவோடு தீர்ந்தது. ஃபெர்பர் 1968இல் இறந்தார், ஆகவே அவரோடு எழுதியவை 2028 முடிவு வரை. கானலி 1980 என்பதால் 2040 வரை. ரிஸ்கிண்ட் 1985 என்பதால் 2045 வரை. இலங்கையில் 60க்குப் பதில் 70 ஆண்டு. அமெரிக்காவில் இந்தக் காலத்து நாடகங்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பதால், அங்கே உள்ள தமிழ்ச் சங்கங்கள் ‘யூ கான்ட்’ போட 2030களின் தொடக்கம் வரை உரிமம் வாங்கியாக வேண்டும். திரைப்பட வடிவத்துக்கும் பிறர் செய்த மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. அவற்றிலிருந்து வரி எடுக்காதீர்கள்.

உரிமைக் காலம் முடிந்தாலும் ஆசிரியர் பெயர் போட வேண்டும். அழைப்பிதழிலும் சுவரொட்டியிலும் இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.